வேனிலிருந்து குதித்த மாணவி

அந்த ஜூன் மாதம் தேவாரத்தில் எங்கள் அரசுத் தொடக்கப்பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் இன்னும் ஒரே ஒரு பிள்ளை சேர வேண்டியிருந்தது. சேராவிட்டால் என் பணியிடம் உபரியாகிவிடும். என்னைத் தொலைதூர ஊருக்கு மாற்றிவிடுவார்கள். முந்தைய நாள் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தனியார் பள்ளிகளைச் சாடிப் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். அந்த உற்சாகம் குறையாமல், மேளம் கொட்ட, தலைமையாசிரியரும் நானும் தெருத்தெருவாகப் பிள்ளை கேட்டுப் போனோம்.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒருத்தியிடம் எங்கள் பள்ளியின் பெருமைகளை அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டவள் சொன்னாள்: "எல்லாம் சரித்தான் டீச்சர். ஒங்க மக எங்கன படிக்குது?"

நான் வாய் திறக்குமுன் ஆங்கிலப் பள்ளியின் மஞ்சள் வேன் தெருமுனையில் திரும்பியது. சன்னலில் என் ஐந்து வயது மகள், கழுத்தில் டை தொங்க, "அம்மா!" என்று கையசைத்தாள்.

"அடி ஆத்தா! சொந்தப் பிள்ளைய வேன்ல ஏத்திவிட்டுட்டு, நம்ம பிள்ளையக் கேக்க வந்திருக்காக!" என்று அந்தப் பெண் தெருவுக்கே கேட்கும்படி கூவினாள்.

தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பை அடக்க இயலவில்லை. ஓடிப்போய் வேனை மறித்தேன்.

"எறங்குறியா? இனிமே அம்மா பள்ளிக்கூடந்தான்."

டையைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் குதித்தாள். மேளக்காரர் இரட்டிப்பு வேகத்தில் அடித்தார். பள்ளி வரை ஆடிக்கொண்டே போனோம். சேர்க்கைப் பதிவேட்டில் அவள் பெயரை எழுதியபோது சிரிப்பால் என் கையெழுத்துக் கோணியது.

அவளுடைய அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை என்பது மதியத்துக்கு மேல்தான் நினைவுக்கு வந்தது.