மூன்று காகிதம் கட்டிய குழாய்

எங்கள் அண்ணி தையல்காரி. எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். கொழுந்தன் என்பதால் நான் இதைப் புகழ்ச்சியாகத்தான் சொல்லியாக வேண்டும்.

அவர் மிஷின் போட்டிருக்கும் முன்னறைச் சுவருக்கு வெளியேதான் வாசல் குழாய். அங்கே சுவர் ஊறி, உள்ளே சுண்ணாம்பு உதிரத் தொடங்கியது. மாடியில் இருக்கும் வீட்டு ஓனர் இறங்கி வந்து பார்த்தார். குழாயை மூடத் தெரியாதவர்களுக்கு வீடு எதற்கு, ஞாயிற்றுக்கிழமைக்குள் கசிவு நிற்காவிட்டால் காலி செய்யுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அண்ணியிடம் தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாம் அந்தத் தெருக்காரர்கள். வீடு போனால் தொழிலும் போச்சு.

அண்ணன் ரோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயைத் திருகினான். அதற்கு மேல் நான் ஒரு திருகு. எங்கள் குடும்பத்தில் இன்னொருவர் மூடியதில் யாருக்கும் திருப்தி கிடையாது. உள்ளே வாஷர் நசுங்கி, அதுவரை சும்மா இருந்த குழாய் வாயும் சொட்ட ஆரம்பித்தது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

மெயின் வால்வை மூடி, புது வாஷர் போட்டார். குழாயை ஈரமில்லாமல் துடைத்தார். வாய், கைப்பிடியின் அடி, சுவருக்குள் நுழையும் இடம் மூன்றிலும் செய்தித்தாளைச் சுற்றிக் கட்டிவிட்டு வால்வைத் திறந்தார். எது நனைகிறதோ அதுதான் திருடன். மூன்று பேரும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் வாய்தான் என்றான், நான் கைப்பிடி என்றேன். ஒன்றுமே நனையவில்லை.

அந்த நேரம் பார்த்து ஓனர் வந்தார். குழாய் வாயிலிருந்த காகிதத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வழக்கம்போல ஹோஸை மாட்டித் திறந்தார். மறுமுனையோடு மாடிக்குப் போய், செடிகள் வரை எட்டுவதற்காக ஒரே இழுப்பு. குழாய் சுவரைவிட்டு அசைந்தது. சுவரோரக் காகிதம் குபுக்கென்று நனைந்தது.

"நனைஞ்சிடுச்சு!" அண்ணி துள்ளி எழுந்து மாடிக்கு ஓடினார். "நான் இழுக்கறேன், நீங்க கீழ போய்க் காகிதத்தைப் பாருங்க" என்று ஓனரை அனுப்பினார். அவர் பார்த்தார். அண்ணி இன்னொரு முறை இழுத்தார். அவர் மறுபடியும் பார்த்தார்.

குழாயைக் கழற்றி, மரையில் வெள்ளை டேப் சுற்றி மாட்டி, அசையாதபடி சுவரோடு ஒரு கிளாம்ப் அடித்தோம். கிளாம்பைப் பிடித்துக்கொண்டது ஓனர்தான். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

"நீங்க எங்கயும் போக வேணாம்மா" என்றார் அவர். ஹோஸைக் கழற்றிச் சுருட்டினார். "இதுக்கு முன்னாடி குடியிருந்தவங்களையும் இதுக்காகத்தாம்மா காலி பண்ணச் சொன்னேன்."