நான் வீசிய துண்டு

பண்ருட்டியில் பலாப்பழ லோடு ஏற்றும் வேலை முடிந்ததும், கடல் பார்க்க ஆசைப்பட்டு சாமியார்பேட்டைக்குப் போனேன். அலைகளுக்கு அப்பால் ஒரு ஃபைபர் படகு கரையேறாமல் நின்றிருந்தது. அதிலிருந்த இருவரும் கரையையே பார்த்தார்கள். என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து, தோளிலிருந்த துண்டை எடுத்து உற்சாகமாக வீசினேன்.

உடனே படகு சீறிக்கொண்டு வந்தது. பின்னால் எழுந்த அலை அதைத் தூக்கிக் கவிழ்த்தது.

ஒரு தலைதான் மேலே தெரிந்தது. என் பக்கத்தில் கூடையோடு நின்ற பெண், “அய்யோ, எங்க ஊட்டுக்காரரக் காணுமே!” என்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். நான் துண்டோடு கரையிலேயே நின்றேன். அடுத்த அலை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அதன் பிறகுதான் கவிழ்ந்த படகுக்கு அடியிலிருந்து அவர் வெளியே வந்தார்.

கரையேறியதும் இருமிக்கொண்டே கேட்டார். “யாருய்யா துண்டு வீசுனது?”

ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் துண்டு என் கையில்தான் இருந்தது.

“நான்தாங்க. சும்மா வீசினேன்.”

“சும்மாவா? கரையிலேருந்து துண்டு வீசுனா, அலை அடங்கிடிச்சி, கரைக்கு வான்னு அர்த்தம்யா!”

“இவன செருப்பாலயே அடிக்கணும்” என்றாள் மனைவி.

“அப்புறம் அடிக்கலாம். மொதல்ல வந்து போட்டப் புடிய்யா.”

எல்லோருமாகப் படகை நிமிர்த்தி மேட்டுக்கு இழுத்தோம். பிறகு அடிக்காகக் காத்து நின்றேன். அவள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, “போ, பஸ்ஸு வந்துரும்” என்றாள்.

ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு அடி புதிதல்ல. அன்று இரண்டு வாங்கியிருந்தால், சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் மறந்திருப்பேன்.