நேர்மைக்கு ஒத்திகை

உண்மை பேசிய ஒரு பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியவள் நான். அதுவும் நேர்மையைக் கற்பிக்கும் வகுப்பில்!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். எனக்கு அது வேண்டும்தான்.

உப்பளத்துப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பாடத்தோடு நற்பண்பையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. கணக்கில் பொறுமை, சமூக அறிவியலில் சகிப்புத்தன்மை, அறிவியலில் நேர்மை... சாம்பாருக்குப் பெருங்காயம்போல ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சிட்டிகை! என் வகுப்பை மாதிரி வகுப்பாகப் பார்க்க அதிகாரிகள் வருவார்கள் என்றார் தலைமையாசிரியர். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கூடவே பயமும்.

பாடம் அமிலம். எலுமிச்சைச் சாற்றில் நனைத்தால் நீல லிட்மஸ் தாள் சிவக்கும். எல்லார் தாளும் சிவக்கும்போது ஒரு பிள்ளை மட்டும் எழுந்து, "எனக்கு மாறல மிஸ்" என்று சொல்ல வேண்டும். உடனே நான் உருகிப்போய், மற்றவர்களைப் போல இவளும் 'சிவந்தது' என்று சொல்லியிருக்கலாமே, சொல்லவில்லையே, இதுவல்லவா நேர்மை என்று பாராட்டுவேன். அதற்கு நான் தேர்ந்தெடுத்தவள் கலையரசி. தேங்காய்த்திட்டில் மீன் விற்பவரின் மகள், கணீரென்ற குரல். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். அவள் குவளையில் மட்டும் வெறும் தண்ணீர்.

நேர்மைக்கு ஒத்திகை! எனக்கு அது உறைக்கவே இல்லை... இல்லை, உறைத்தது. ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்று விட்டுவிட்டேன்.

அதிகாரிகள் வந்த அன்று, பதற்றத்தில் அவள் குவளையிலும் சாற்றை ஊற்றிவிட்டேன். யார் மேலும் பழி போட முடியாது, ஊற்றியது நானேதான்.

கலையரசி எழுந்தாள். தாள் சிவந்திருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மிஸ்... மாறலன்னு சொல்லச் சொன்னீங்க. ஆனா எனக்கு மாறிடுச்சி மிஸ்."

கண்டதை மட்டும் சொல் என்று நான்தானே பாடம் எடுத்தேன்! அந்தப் பிள்ளை அதை நம்பிவிட்டது.

அதிகாரிகள் என் பக்கம் திரும்பினார்கள். ஆமாம், நான்தான் சொல்லச் சொன்னேன் என்று அப்போதே ஒப்புக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் மானம் போயிருக்கும். வேலையா போயிருக்கும்?

நான் சிரித்தேன். "இவ எப்பவும் இப்படித்தான் சார், கத கட்டுவா." பிறகு வகுப்பைப் பார்த்துக் கேட்டேன்: "நான் அப்படிச் சொன்னேனா?"

"இல்ல மிஸ்!"

முழு வகுப்பும், ஒரே குரலில்! ஒரு வாரமாக ஒத்திகையைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள். ஒருவர்கூடத் தலை குனியவில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் அவள் அம்மாவை வரவழைத்தார். மீன் ஏலத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்த அந்த அம்மா, முதலில் என்னைக் கும்பிட்டார். "இன்னாடி, டீச்சர் மேலயே பொய் சொல்லுவியா? இப்படியா உன்ன வளத்தேன்?" என்று மகளை வாயிலேயே அடித்தார். "அடிக்காதீங்கம்மா" என்று நான் தடுத்தேன். என்ன கருணை என் கருணை! கலையரசி அழவில்லை. நான் வாய் திறப்பேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திறக்கவில்லை.

அதிகாரிகள் என்னைத்தான் நம்பினார்கள். எனக்குப் பாராட்டு வந்தது. பாடத்தோடு பண்பை எப்படி இணைப்பது என்று மற்ற ஆசிரியர்களுக்கு இப்போது நான்தான் பயிற்சி தருகிறேன். ஊருக்குத்தானே உபதேசம்... சொல்லும்போது நாக்கு கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

சென்ற மாதம் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்து கிடந்தது. பக்கத்தில் நின்றவள் கலையரசி. இப்போது எட்டாம் வகுப்பு. "யாரு உடைச்சது? பயப்படாம உண்மையச் சொல்லு" என்றேன்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. குத்திக்காட்டும் எண்ணமும் இல்லை. நல்ல மாணவியாகக் கைகட்டி நின்று கேட்டாள்:

"யாரச் சொல்லணும்னு சொல்லுங்க மிஸ்... சொல்லிடறேன்."