மண்ணுருண்டை பளபளத்த நாள்

எண்பதுகளின் கடைசியில், உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பயிற்சிக்குப் போய்வந்த ஒரே ஆள் என்று அதை என் தலையில் கட்டினார்கள். எனக்கு உள்ளூரக் குஷி. அறைச் சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டேன், அவ்வளவு பைத்தியம்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார்.

"லீவு முடிஞ்சதும் எஜுகேஷன் ஆபீசர் வர்றாரும்மா. இது இன்னா பண்ணுதுன்னு காட்டலைன்னா டவுன் ஸ்கூலுக்குத் தூக்கிக்கினு பூடுவாங்க."

கூட்டல் கழித்தலைக் காட்டினால் எந்த ஆபீசர் மயங்குவார்? பந்து ஒன்றை வரைந்து காட்ட முடிவு செய்தேன். வெறும் வட்டமில்லை, உருண்டையான பந்து. மேலே இடது பக்கம் ஒரு விளக்கு எரிவதாக வைத்துக்கொள்ள வேண்டும். பந்தின் எந்த இடம் விளக்கை நேராகப் பார்க்கிறதோ அங்கே வெள்ளைப் புள்ளிகள் நெருக்கமாக விழும். முகம் திரும்பத் திரும்பப் புள்ளி குறையும், முதுகுப் பக்கம் இருட்டு. எல்லாம் கொசைன் கணக்குதான். வருடா வருடம் கரும்பலகையில் எழுதி அழித்த கொசைன் வெளிச்சத்தை அளக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

புரோகிராம் எழுதி ஓட்டினேன். கம்ப்யூட்டர் கால் மணி நேரம், மேலிருந்து வரி வரியாக வரைந்தது. வந்தது பந்துதான், ஆனால் களிமண்ணைப் பிடித்துவைத்த மாதிரி உயிரில்லாமல் இருந்தது.

பூஜையன்று பியூன் பள்ளிக்கூட மணி, தராசு, சைக்கிள் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தார். கம்ப்யூட்டருக்குத் திரையிலேயே ஒரு சந்தனப் பொட்டு! பார்த்ததும் கத்தினேன்.

"கண்ணாடியில போய் வைப்பாங்களா?"

"மூஞ்சி அதான டீச்சர்? மூஞ்சிய வுட்டுட்டு முதுகுலயா வைப்பாங்க?" என்றார்.

மிஷினுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயத்தில், துடைக்கக்கூட நிற்காமல் பந்தை ஓட்டிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சந்தனம் வெளுப்பாக, சரியாகப் பந்தின் இடது தோளில் நின்றது. களிமண் எவர்சில்வராகிவிட்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொட்டை விரலால் மறைத்தால் மண், விரலை எடுத்தால் எவர்சில்வர். விளக்கு வெளிச்சம் பட்டுத் திரும்பி நேரே நம் கண்ணில் வந்து விழுகிற அந்தச் சின்ன இடம்தான் பளபளப்பு! அதைப் பெரிதாக்கி மங்கவைத்தால் மாம்பழத் தோல் என்றும் புரிந்தது. அன்று வீட்டில் சொம்பையும் பூசணிக்காயையும் ஜன்னலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னா, கடை போடப் போறியா?" என்றார் வீட்டுக்காரர்.

திரும்பப் பள்ளிக்குப் போய்ப் பொட்டைத் துடைத்துவிட்டு, அந்தப் பளபளப்புக்கென்று புரோகிராமில் நாலு வரி எழுதிச் சேர்த்தேன். கடைசியாகக் கீழே ஒரு நிழலும் போட்டேன். அதுவரை அந்தரத்தில் தொங்கிய பந்து, நிழல் விழுந்ததும் தரையில் உட்கார்ந்தது.

ஆபீசர் மத்தியானம் வந்தார். "கடைசியில நிழல் விழும் சார், பாருங்க" என்று சொல்லி ஓடவிட்டேன். கழனிகளில் பம்புசெட்டெல்லாம் ஓடுகிற நேரம். முக்கால் பந்து வந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. திரை கறுத்தது.

"மீதி பந்து உள்ளார இருக்குதாம்மா?" என்று கேட்டார் ஆபீசர்.

ஆமாம் என்று புளுகியிருக்கலாம். மனசு வரவில்லை.

"இல்ல சார். உள்ள பந்தும் இல்ல, விளக்கும் இல்ல. வெறும் கணக்குதான். கரண்ட் வந்தா முதல்லேர்ந்து போடணும்."

வெளியே டிரைவர் ஜீப்பைக் கிளப்பும் சத்தம் கேட்டது. ஆபீசர் எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"வண்டிய நிறுத்துப்பா, நேரமாவும்" என்று குரல் கொடுத்துவிட்டு வந்து, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணுமே இல்லாததுக்கு நெழல் வுழும்னு சொல்ற. அதப் பாக்காம எப்டிம்மா போறது?"