உறைந்த கன்னமும் மூன்றாம் முடிச்சும்

என் இடது கன்னத்தில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு செம்பழுப்புத் தடிப்பு நான்கு வருடங்களாக உட்கார்ந்திருந்தது. சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்த தோல் மருத்துவர், அபூர்வமான வியாதி, ஆபத்தில்லை, யாருக்கும் தொற்றாது, ஆனால் லேசில் போகாது என்றார். களிம்புகள் தோற்றன. கடைசியில் திரவ நைட்ரஜன். அதைப் பீய்ச்சினால் கன்னம் வெள்ளையாய் விறைத்துப்போகும். இளகும்போதுதான் வலி, கண்ணில் தண்ணீர் முட்டும். மறுநாள் கொப்புளம், பிறகு கருப்புப் பொருக்கு.

நான்காவது முறை போனபோது தம்பி கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. முடிந்ததும் வரலாமே என்றார் மருத்துவர். தீபாவளிக்கு ஒரு தடவை, அலுவலக விருந்துக்கு ஒரு தடவை என்று ஏற்கெனவே தள்ளிப்போட்டதில் தடிப்பு மறுபடி தலைதூக்கியதுதான் மிச்சம். ஊரார் கண்ணுக்காக என் கன்னம் காத்திருந்தது போதும். அடிங்க டாக்டர் என்றேன்.

மூன்றாம் நாள் சிராங்கூன் சாலையில் கல்யாணப் பூமாலைக்குச் சொல்லப் போன இடத்தில் பெண்ணின் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். அன்று மாலையே குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டுக்கு ஒரு பை வேப்பிலை வந்து சேர்ந்தது. எனக்கு அம்மை போட்டிருக்கிறதாம். அம்மை கண்டவள் மணமேடை ஏறக்கூடாதாம். ஒற்றைக் கொப்புளத்தோடு எந்த அம்மன் வருவாள்? எவ்வளவு சொல்லியும் சம்பந்தி வீட்டார் மசியவில்லை. டாக்டரிடம் கடிதம் வாங்கிக் காட்டச் சொன்னான் தம்பி. என் முகத்துக்குச் சான்றிதழா? முடியாது என்றுவிட்டேன்.

தாலியில் மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட, மூன்றாவதை அவனுடைய அக்காவோ தங்கையோ போடுவது எங்கள் வழக்கம். தம்பிக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவோ சண்டை வேண்டாமென்று, சித்தப்பா மகள் போடட்டும் என்று ஒத்துக்கொண்டுவிட்டார். எனக்கு எரிந்தது.

கேலாங் கோயிலில் கெட்டிமேளம் முழங்கியது. கொஞ்சம் பவுடர்கூடப் பூசாமல் மணப்பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன். தம்பி இரண்டு முடிச்சுப் போட்டுக் கையை எடுத்தான். அம்மா என் முழங்கையைப் பிடித்தார்.

"இன்னிக்கு மட்டும் விட்டுக்குடு லா, தம்பிக்காக."

"முடிச்சு போடுறது கைதாம்மா. கன்னம் இல்ல."

ஐயர் என்னையும் சித்தப்பா மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் முன்னே வராமல் நின்றாள். அப்போது மணப்பெண் தன் ஜடையைத் தானே ஒதுக்கிப் பிடித்து, கழுத்தை முன்னால் சாய்த்தாள்.

"போடுங்க அக்கா," என்றாள், அவள் அம்மாவுக்கும் கேட்கும்படி.

போட்டேன்.