கீல் பூசிய லொறி

லொறிக்குக் கீல் பூசிய மடையன் இந்தக் கரையில் நான் ஒருவன்தான். இன்னொருவர் இருந்தால் கையைப் பிடித்துக் குலுக்க ஆசை. இத்தனை வருடமாகத் தேடுகிறேன், ஒருவரும் முன்வரவில்லை.

கீல் என்பது வள்ளத்தின் அடிப்பலகைக்குப் பூசுவது. காய்ச்சி, சுறா எண்ணெய் கலந்து, கறுப்பாகத் தடிப்பாக இழுத்துவிட்டால் கடல் பலகைக்குள் நுழையாது. எங்கள் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். வள்ளத்தில் ஏறியதும் வாந்தி எடுக்கிற பிள்ளை நான் ஒருவன் என்பதால், தரையில் ஓடுகிற ஏதாவது ஒன்று வாங்கலாம் என்று யோசித்தேன். அப்போது முந்தல் ஊருக்குத் தெற்கே தென்னந்தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை தன் நாட்டுக்குத் திரும்பிப் போனார். அவருடைய பழைய லொறியை நான் வாங்கினேன். துரைமார் போகும்போது நல்ல சாமானைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்பதும், விட்டுப்போவது எது என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

புத்தளத்து உப்பளத்தில் உப்பு ஏற்றி சிலாபத்துக்குக் கொண்டுபோவதுதான் வேலை. ஈரச் சாக்குகளிலிருந்து உப்புத் தண்ணீர் வழிநெடுகச் சொட்டும். உப்புத் தண்ணீர் படுகிற எதற்கும் கீல் பூச வேண்டும் என்பது எங்கள் ஆட்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமல்ல. ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை, மற்றவர்கள் வள்ளங்களைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டுப் பூசும்போது, நானும் என் லொறியின் கீழே மல்லாந்து படுத்துப் பூசினேன். கவிழ்த்துப் போட முடியாதது ஒன்றுதான் குறை. சுறா எண்ணெய் மணத்துக்கு ஊர்ப் பூனைகள் எல்லாம் வந்து என்னோடு படுத்துக்கொண்டன. "என்ன, இந்த முறை நங்கூரமும் வாங்குறதா?" என்று கேட்டுக்கொண்டு போனவர்களுக்கு, "உங்கட லொறி துருப்பிடிக்கும்போது வாங்க, கதைப்பம்" என்று பதில் சொன்னேன். அவர்களிடம் லொறி இல்லை. அதனால் அந்தப் பதில் நல்ல பாதுகாப்பான பதில்.

கீல் வெளியே இருக்கிற உப்பை உள்ளே விடாது. ஏற்கெனவே உள்ளே போன உப்பை வெளியே விடவும் விடாது. இதைப் பின்னால்தான் படித்தேன்.

லொறியை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகவில்லை. அதிகம் பேசமாட்டான். பேசினாலும் லொறியைப் பற்றித்தான் பேசுவான். அந்த வருடம் அவன் சொன்னவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவு ஓடும்போதே தானாகத் திறக்கிறது. வளைவில் முன்பாதி ஒரு பக்கம் திரும்பிவிட்ட பிறகுதான் பின்பாதி யோசித்துத் திரும்புகிறது. பாரம் ஏற்றினால் எங்கோ அடியில் பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம்.

"பல் எல்லாருக்கும் கடிக்கும்" என்றேன். "உன்ட அக்காவுக்கும் நித்திரையில கடிக்குது, நான் பட்டறைக்கா கொண்டு போறன்?"

அவன் சிரிக்கவில்லை. மறுநாள் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டினான். கதவைக் கட்டினால் அவசரத்துக்குக் குதித்து இறங்க முடியாது என்று அவனுக்கும் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் லொறியைப் புத்தளத்துப் பட்டறைக்கு அனுப்பி, நானும் பின்னால் போனேன்.

பட்டறைக்கார நானா நிதானமான மனிதர். சோனக முஸ்லிம்; அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன், அவரை ஊரெல்லாம் அப்படித்தான் கூப்பிடும், அவரைவிட வயதில் மூத்தவர்களும் கூட. லொறியின் கீழே படுத்து, கையளவு சுத்தியல் ஒன்றால் முன்னிருந்து பின்னால் தட்டிக்கொண்டே போனார். லொறியின் முதுகெலும்பு என்று சொல்லத்தக்க இரண்டு நீள இரும்புகள் இருக்கின்றன, சேசி என்பார்கள். டங், டங், டங் என்று மணி போலச் சத்தம் வந்தது. நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் வந்ததும் சத்தம் செத்தது. ஈரப் பலகையைத் தட்டியது போல இருந்தது.

"இது என்ன பூசி ஈக்கு?"

"கீல், நானா."

அவர் தலையை வெளியே நீட்டி என்னை ஒருமுறை பார்த்தார். "வள்ளம் செய்ற பட்டறை கரையில ஈக்கு. வழி தெரியாம இங்க வந்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சுரண்டத் தொடங்கினார். கீல் தோல் தோலாக உரிந்தது. அதற்கடியில் ஒரு கோடு. மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி முக்கால்வாசிக்கு வந்து நின்றிருந்தது. அவர் நகத்தை அதில் வைத்து இழுத்தபோது ஈர உப்பும் துருவும் சேர்ந்த சிவப்பு மா கொட்டியது. அரைத்த மிளகாய்த் தூள் என்று சொல்லிச் சந்தையில் விற்றிருக்கலாம்.

சேசியை மாற்ற வேண்டும் என்றார். யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன லொறிகளில் ஒன்றின் சேசி அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் கிடந்தது. மூன்று கிழமை வேலை. அதற்கு அவர் சொன்ன தொகைக்கு நான் இந்த லொறியையே வாங்கியிருந்தேன். இல்லையென்றால், இரண்டு பக்கமும் இரும்புப் பட்டி வைத்து முறுக்கித் தரலாம். வெறும் லொறியாக ஓட்டிக்கொண்டு போய் எவனுக்காவது தள்ளிவிடலாம்.

"பட்டி போட்டா பாரம் ஏத்தலாமா?"

"ஏத்தப்படாது."

"கொஞ்சமா ஏத்தினா? எத்தின நாளைக்குத் தாங்கும், நானா?"

"அது அல்லாட கையில. என்ட கையில சுத்தியல்தான் ஈக்கு."

பணம் வருகிற இடம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கரைவலையில் அப்பா விட்டுப்போன அரைப் பங்கு. நான் கடலுக்குப் போகாவிட்டாலும் வலை இழுக்கிற நாளெல்லாம் அந்தப் பங்குக்கு மீன் வீட்டுக்கு வரும். லொறி படுத்த மாதங்களில் நாங்கள் தின்றது அதைத்தான். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அந்தப் பங்கை விலைக்குக் கேட்டு மூன்று தடவை ஆள் அனுப்பியிருந்தார்.

அன்று சாயந்தரம் மனைவியிடம் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"வெடிப்புப் பெரிசா?"

"சின்னது" என்றேன். சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன். இந்த விரலை அன்றைக்கே வெட்டிப் போட்டிருக்கலாம்.

"அப்ப என்னத்துக்குப் பங்க விக்கணும்? பங்கு போனா பிள்ளையளுக்கு உங்கட பகிடியயா ஆக்கிப் போடுறது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் நான் சொன்னதில் பொய் இருந்தது. தம்பி என்ன சொல்கிறான் என்று கேட்டாள். அவனுக்கு எல்லாம் தெரியும் என்றேன். அதுவும் பொய். அன்றைக்கு அவன் பட்டறை வாசலில் சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். நானா கோட்டைக் காட்டியபோது கீழே குனிந்தவன் நான் மட்டும்தான்.

ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தேன். என் மூளை நன்றாக வேலை செய்கிற நேரங்கள்தான் ஆபத்தானவை. தலவில் என்ற ஊரில் புனித அன்னம்மாள் கோயில் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ச் சனம் வருடா வருடம் என் லொறியில்தான் போகும். இப்போதைக்குப் பட்டியைப் போட்டு, திருநாளுக்கு ஒரு நடை போய்வந்து, அந்தக் கூலியையும் வைத்துக்கொண்டு பிறகு யோசிக்கலாம். கோயிலுக்குப் போகிற லொறியை அன்னம்மாள் பார்த்துக்கொள்வாள். உப்புப் போல மனிதர் பாரமில்லை. இப்படி எனக்கு நானே பிரசங்கம் வைத்தேன். பட்டி போட்ட இடத்தை, வேறு யாரும் பார்க்கக்கூடாது என்று, மறுபடியும் கீலால் மூடினேன்.

திருநாளுக்குப் புறப்பட்ட விடியற்காலை காற்றே இல்லை. எங்கள் கரையில் அந்த மாதத்தில் காற்று இல்லாமல் இருப்பது வழக்கமில்லை. தென்னையோலை ஒன்றுகூட அசையவில்லை. கடல் சத்தமும் எங்கோ தள்ளிப் போயிருந்தது. சனம் பாய், பானை, அரிசி மூட்டை, ஒரு ஆடு என்று வந்து சேர்ந்தது. கிழவிகளைக் கதிரை வைத்து ஏற்றினார்கள். மைத்துனன் ஏற்கெனவே சுக்கானைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தான். அவன் பெண்சாதி சனம் ஏறுகிற பின்பெட்டியில் முன்னுக்கு, அவன் முதுகுக்கு நேர் பின்னால் இடம் பிடித்திருந்தாள்.

பின்சில்லுக்கு அண்டை கொடுத்திருந்த கல்லை எடுக்கக் கீழே குனிந்தேன்.

மேலே யாரோ ஏறினார்கள். புதிய கீலில் ஒரு மயிர்க்கோடு விழுந்தது. இன்னொருவர் ஏறினார், கோடு விரிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கால் வைப்புக்கும் அது வாயைத் திறந்தது. ஆட்கள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்ந்து இடம் பிடித்தபோது மெல்ல மூடியது. பட்டியின் ஆணி ஒன்று ஒருபக்கம் சாய்ந்திருந்தது. திறக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு மா கொஞ்சம் கொஞ்சமாக மணலில் விழுந்தது. மூச்சு விடுகிற ஒன்றின் வாய்க்குக் கீழே தலையை வைத்திருப்பது போல இருந்தது. மேலே பெண்கள் பாட்டைத் தொடங்கினார்கள். பாட்டுக்குக் கை தட்டினார்கள். தட்டுக்குத் தட்டு அதுவும் வாயசைத்தது.

நான் வெளியே வந்து, "இறங்குங்க எல்லாரும்" என்றேன்.

இருபது வருடம் பகிடி விட்டவனுக்குக் கிடைக்கிற சம்பளம் என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

"கூலி கூட்டப் பாக்கிறான், அசையாதீங்க!" என்றாள் ஒரு பெரியம்மா.

"ஐயோ, உண்மையாச் சொல்றன். லொறி முறியப் போகுது. இறங்குங்க."

"போன வருசமும் சில்லு கழண்டிட்டுது எண்டு சொன்ன ஆள்தானே நீ? பேசாம ஏறு, செபமாலை சொல்லப் போறம்."

போன வருடம் அப்படிச் சொன்னது உண்மை. இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள், பெட்டி குலுங்கியது, அடியில் அந்தப் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. நான் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினேன். வேண்டுமென்று அழவில்லை, வாயால் சொல்ல வேறொன்றும் மிச்சம் இருக்கவில்லை. நான் அழுது கண்டவர்கள் ஊரில் இல்லை. பாட்டு நின்றது. முதலில் ஆடு இறக்கப்பட்டது, பிறகு கிழவிகள், பிறகு மற்றவர்கள். மாட்டுவண்டி தேடிப் போனார்கள்.

மைத்துனன் மட்டும் இறங்கிக் கீழே குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு நடந்துபோய் பெண்சாதியின் மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

திருநாள் முடிந்த கிழமையே கரைவலைப் பங்கைச் சம்மாட்டிக்குக் கொடுத்தேன். மனைவியிடம் இந்தமுறை விரலைக் காட்டவில்லை, முழங்கையைக் காட்டினேன். அவள் என் முழங்கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தம்பியின் வீட்டுக்குப் போனவள் இருட்டும்வரை திரும்பவில்லை.

லொறியைப் புத்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மைத்துனன் வந்தான், சுக்கானைப் பிடித்தான், வெறும் லொறியை நடை வேகத்தில் ஓட்டினான். நான் சயிக்கிளில் பின்னால் போனேன். விழுகிற துண்டுகளைப் பொறுக்குவதற்கு என்று வழியில் கேட்டவர்களிடம் சொன்னேன்.

பட்டறையில் நானாவின் ஆட்கள் சங்கிலி போட்டுப் பெட்டியைக் கழற்றி மேலே தூக்கினார்கள். பெட்டி ஒரு முழம் எழும்பியிருக்கும். யாரும் தொடவில்லை, காற்றும் அடிக்கவில்லை. அந்தச் சேசி நடுவில் மடிந்து பொத்தென்று நிலத்தில் குந்தியது. நானா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மைத்துனன் என் பக்கத்தில்தான் நின்றான். அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்: "மூண்டு கிழமையில புதுசு மாதிரி வந்திடும், தம்பி. நீதானே ஓட்டுவாய்?"

"முதல் நடைக்கு நீங்களும் ஏறுங்க, அத்தான்."