அரைச்சுத்துக்காரர்

மெஷினின் மூடியைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். மற்ற மெக்கானிக்குகள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. லேசர் தலையைச் சுமந்து ஓடும் குறுக்குச் சட்டத்தை ஓரமாகத் தள்ளி வைத்து, இடப்பக்கத்து பெல்ட்டை விரலால் சுண்டுகிறார். அப்புறம் வலப்பக்கம். இரண்டு சத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று மறுபடியும் ஒரு சுண்டு. ஆலன் கீயை எடுத்து ஏதோ ஒரு திருகில் அரைச்சுற்று. "அவ்வளவுதாங்க, அது பாட்டுக்கு ஓடட்டும்." எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம்.

எங்கள் தெருவில் லேசர் மெஷின் வைத்துப் பெயர்ப்பலகையும் பதக்கமும் வெட்டும் கடைகள் ஏழு. ஏழிலும் இவருக்கு அரைச்சுத்து என்றுதான் பெயர். எங்கள் அக்கா கடைதான் அதில் பெரியது. நான் அங்கே டிசைன் போடுகிறேன் என்று பேர். வேடிக்கை பார்ப்பதுதான் என் முழுநேர வேலை.

பெல்ட் தளர்ந்தால் வட்டம் முட்டையாகிவிடும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதிகம் இறுக்கினாலும் மோட்டார் திணறும், பேரிங் தேயும், வெட்டு தடம் மாறும் என்பது இவர் ஒருவருக்குத்தான் தெரியும். "டைட்டா இருந்தா நல்லதுன்னு யாருங்க சொன்னது? சட்டைக் காலரை இறுக்கி மாட்டிக்கிட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சுப் பாருங்க" என்பார். இந்தக் கொள்கையை அவர் மெஷினோடு நிறுத்திக்கொள்ளவில்லை. செருப்பு வாரை ஒரு துளை தள்ளியே மாட்டுவார். அவர் வருவது தெருமுனையிலேயே கேட்கும். அவர் மனைவி ஒருமுறை கடைக்கு வந்தபோது என்னிடம் முறையிட்டார்: "எங்க வீட்ல ஒரு டப்பாவையாச்சும் மூடியைப் பிடிச்சுத் தூக்க முடியுதா கேளுங்க தம்பி. மூடி கையோட வருது, டப்பா கீழ விழுது."

பையில் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்திருப்பார், பெல்ட்டின் பற்களுக்கு. எண்ணெய் மட்டும் ஆகவே ஆகாது. மெஷின் பக்கத்தில் எண்ணெய்க் குப்பியைக் கண்டால் பாம்பைப் பிடித்தவர் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வருவார்.

இவ்வளவு தெரிந்தவருக்குப் பிழைக்கத் தெரியவில்லை. இவர் தொட்ட மெஷின் ஆறு மாதம் வாய் திறக்காது. அதனால் இவர் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. இவருக்குப் போட்டியாக ஒருவர் வந்தார். தெரு அவருக்கு வைத்த பெயர் இறுக்கி. பெல்ட்டைக் கம்பியாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கும். இரண்டே வாரத்தில் பேரிங் அலறும். மறுபடி வருவார், மறுபடி நனைவார். "பாவம், என்னமா உழைக்கிறார்!" என்று மூன்று கடைக்காரர்கள் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மீதி மூன்று பேர் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா போனால் தெருவே போய்விடும் என்பது அரைச்சுத்துக்கும் தெரியும்.

போன மாதம் மகளின் பிரசவத்துக்காக அவர் பத்து நாள் ஊரில் இல்லை. அக்கா இறுக்கியைக் கூப்பிட்டாள். அவர் நனைந்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நானூறு வட்டப் பதக்கம் வெட்ட ஆரம்பித்தோம். நாற்பதாவதில் வட்டத்தின் தொடக்கமும் முடிவும் சந்திக்க மறுத்துவிட்டன. அன்று காலையில்தான் அரைச்சுத்து திரும்பி வந்திருந்தார்.

"அண்ணே, இதான் கடைசி. வந்து தொட்டுட்டுப் போறதுக்கெல்லாம் எனக்கு ஆள் வேணாம். ஒழுங்கா இறுக்கிக் குடுங்க. இல்லன்னா அவரையே நிரந்தரமா வரச் சொல்லிடுறேன்" என்றாள் அக்கா. அவர் தாத்தாவாகி நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு பெல்ட்டையும் முழுதாக ஒன்றரைச் சுற்று தளர்த்தினார். அவர் கணக்கில் அது ஒன்றரை வருடத்து வேலை. சுண்டினார், கேட்டார், ஒரு பதக்கம் வெட்டினார். வட்டம் மயிரிழை பிசகாமல் மூடியது. அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பெல்ட்டைத் தொட்டாள்.

"வட்டம் சரியா வந்திருக்கு. ஆனா பெல்ட் லூசா இருக்கே! இறுக்குங்க."

"இறுக்கினதாலதாம்மா கெட்டுச்சு."

"அதெல்லாம் சரிண்ணே. இறுக்குங்க."

அவர் பதக்கத்தை அக்கா கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். அப்புறம் பையோடு மெஷினுக்கு அடியில் படுத்துவிட்டார். அரைமணி நேரம் தட்டுகிற சத்தமும் முனகலும் கேட்டன. வெளியே வந்தபோது முகமெல்லாம் கறுப்பு. மூலைத் தகட்டில் பளபளவென்று ஒரு பெரிய போல்ட் முளைத்திருந்தது.

"இது இப்பப் புதுசா போட்டதும்மா. லூசா இருக்குன்னு தோணுறப்பல்லாம் நீங்களே இதை இறுக்கிக்குங்க. மத்த ஸ்க்ரூவை மட்டும் யாரும் தொடக் கூடாது, போன வாரம் இறுக்கிட்டுப் போனாரே, அவரும்தான்."

நான் குனிந்து பின்பக்கம் பார்த்தேன். போல்ட் தகட்டில் சும்மா கிடந்த ஓர் ஓட்டையில் நுழைந்து, மறுபக்கம் ஒரு நட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் பெல்ட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம்; கறுப்பையும் மீறிக் காதுவரை சிவந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்கா ஆலன் கீயை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டை இரண்டு சுற்றுச் சுற்றினாள். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆங், இப்பப் பாருங்க, எப்படி விறைப்பா நிக்குது! இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் வேலை செஞ்சிருக்கீங்கண்ணே. என் கைக்கு இவ்வளவுதான் வரும். நீங்க ஒரு இறுக்கு இறுக்கிடுங்க."

அவர் ஆலன் கீயை இரண்டு கையாலும் வாங்கினார். மெஷின் காலில் ஒரு பாதத்தை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க அந்த போல்ட்டை இறுக்கினார்.